பன்னிரண்டு தடவை வரைந்து பாருங்கள்: சூப்பர்ஹீரோ காமிக்ஸிலிருந்து அனிமேஷனுக்கு, அலெக்ஸ் டோத் போன வழியில்

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் உருவாக்கிய சூப்பர்ஹீரோவை ஏ4 தாளில் முழு உருவமாக வரையுங்கள். வழக்கமாக எப்படி வரைவீர்களோ அப்படியே. தசைக்கோடு, இடுப்புப் பட்டை, பூட்ஸ் மடிப்பு, நெஞ்சுச் சின்னம் எதையும் விட வேண்டாம். எவ்வளவு நேரம் ஆனது என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். அப்புறம் அதே ஆள் இடுப்பிலிருந்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவதை 12 தாளில் வரையுங்கள். ஒவ்வொரு தாளிலும் அதே பட்டை, அதே சின்னம், அதே மடிப்பு இருக்க வேண்டும்.

டிவி அனிமேஷனில் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் விநாடிக்கு 12 படம். ஆக, நீங்கள் வரைந்து முடித்தது திரையில் ஒரே ஒரு விநாடி. 22 நிமிட எபிசோடில் 1,320 விநாடி, அதாவது 31,680 ஃப்ரேம். அத்தனையையும் யாரும் புதிதாக வரைவதில்லை. நிறுத்திவைப்பது, வரைந்ததையே திரும்பப் பயன்படுத்துவது என்று பல வழி உண்டு. ஆனாலும் உங்கள் ஹீரோவின் இடுப்பில் தொங்கும் ஒரு சின்னப் பையை யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கான தடவை வரைந்தாக வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் சென்னையில் நான் சேர்ந்த முதல் ஸ்டூடியோவின் கிளீன்அப் சூப்பர்வைசர், அதாவது பென்சில் படங்களைச் சுத்தமான கோடாக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு சிறு பத்திரிகைக்கு மாதம் எட்டுப் பக்கம் சூப்பர்ஹீரோ கதை வரைந்துகொண்டிருந்தேன். டிசைன் பிரிவில் இடம் கேட்டு நான் கொண்டுபோன படத்தில் ஹீரோவின் பெல்ட்டில் 14 பைகள். அவர் படத்தைக் குறை சொல்லவில்லை. அடியில் விளக்கு எரியும் லைட்பாக்ஸ் முன்னால் உட்காரவைத்து, "தம்பி, இவனை அப்படியே ஒரு சுத்து திருப்புங்க, முன்பக்கத்துலேருந்து பின்பக்கம் வரைக்கும். சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றார். சாயங்காலம் நான் ஐந்தாவது தாளில் இருந்தேன். முதல் தாளில் 14 பை, மூன்றாவதில் 13. ஐந்தாவதில் பைகளின் அளவே மாறிவிட்டது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விரலால் புரட்டிக் காட்டினார். பெல்ட் கொதிக்கிற தண்ணீர்போல நடுங்கியது. "வரைஞ்ச உங்களுக்கே இப்படின்னா, இதை வாங்கி வரையப்போற இருநூறு பேரை நினைச்சுப் பாருங்க" என்றார்.

மறுநாள் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். காமிக்ஸிலிருந்து அனிமேஷனுக்குப் போன அமெரிக்க ஓவியர் அலெக்ஸ் டோத், ஹன்னா-பார்பெரா என்ற டிவி கார்ட்டூன் நிறுவனத்துக்காக வரைந்த மாடல் ஷீட்டுகள், அதாவது ஒரு பாத்திரத்தை எல்லாரும் ஒரே மாதிரி வரைவதற்கான வழிகாட்டித் தாள்கள். அந்தக் கட்டு இன்னமும் என் மேசையில் இருக்கிறது. காமிக்ஸ் கை அனிமேஷன் கையாக மாறுவதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே, இந்த வழிகாட்டியை டோத் நடந்த பாதையிலேயே கொண்டுபோகிறேன். அவர் நின்ற ஒவ்வொரு இடத்திலும் உங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு.

சண்டை இல்லாத பக்கங்கள்

டோத் 1928ல் நியூயார்க்கில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். 15 வயதிலேயே படம் விற்றுவிட்டார். 1947ல் ஷெல்டன் மேயர் அவரை டிசி காமிக்ஸுக்கு எடுத்துக்கொண்டார். கிரீன் லான்டர்ன், டாக்டர் மிட்-நைட், ஆட்டம் என்று அந்தக் காலத்து சூப்பர்ஹீரோக்களை வரைந்தார். அவருடைய மானசீக ஆசான்கள் செய்தித்தாள் தொடர்களை வரைந்த நோயல் சிக்கிள்ஸும் மில்டன் கேனிஃபும். 1940களின் கடைசியில் சூப்பர்ஹீரோ கதைகளுக்கு மவுசு குறைந்ததும் அவருக்கு வந்ததெல்லாம் கவ்பாய், போர், காதல் கதைகள். 1950களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் என்ற பதிப்பகத்துக்கு நிறைய வரைந்தார். அப்புறம் ராணுவம், டோக்கியோவில் பணி. அங்கேயும் படைத்தளத்துப் பத்திரிகைக்கு வாரத் தொடர் ஒன்றை எழுதி வரைந்தார். திரும்பிவந்து லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி, டெல் நிறுவனத்துக்கு ஸோரோ கதைகளை வரைந்தார்.

சூப்பர்ஹீரோ ரசிகர்கள் இந்த இடைப்பட்ட காலத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் உங்களை அங்கேதான் நிற்கச் சொல்கிறேன். காதல் கதையில் குத்து இல்லை, பறத்தல் இல்லை, வெடிப்பு இல்லை. ஓர் அறை, இரண்டு பேர், ஒரு மேஜை விளக்கு. அதை வைத்து எட்டுப் பக்கம் வாசகரைக் கட்டிப்போட வேண்டும். டோத் அந்தப் பக்கங்களில்தான் கோடுகளை உதிர்க்கத் தொடங்கினார். முகத்தில் பாதியைக் கறுப்பாக விட்டுவிடுவார், மீதிப் பாதியில் மூன்று கோடு இருக்கும். மேஜை என்றால் அதன் விளிம்பு மட்டும்தான். எதை வரையாமல் விட்டாலும் வாசகருக்குப் புரியும் என்பதை அங்கே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அனிமேஷன் அவரைத் தேடி வந்தபோது அதற்குத் தேவையான கை அவரிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

உங்களுக்கான பயிற்சி: உங்கள் ஹீரோவை வைத்து நான்கு பக்கம் வரையுங்கள். முகமூடி கூடாது, சண்டை கூடாது. இரவு வீட்டுக்கு வருகிறான். அம்மா தட்டில் சோறு போடுகிறார். அவன் விரல்கள் வீங்கியிருக்கின்றன, அதை மறைத்துக்கொண்டே பிசைகிறான். அம்மா பார்த்துவிடுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. வசனம் இல்லாமல் இது படிப்பவருக்குப் போய்ச் சேர்ந்தால் நீங்கள் தயார். சேரவில்லை என்றால் கட்டத்துக்குள் எதைக் கூட்டலாம் என்று யோசிக்காதீர்கள். கேமராவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அசையாத படத்தை ஓடவைப்பது

டோத் அனிமேஷனுக்குள் நுழைந்த வாசல் பெரிய ஸ்டூடியோ கிடையாது. 1960களின் முதல் பாதியில் கேம்ப்ரியா என்ற சின்ன நிறுவனம் தயாரித்த ஸ்பேஸ் ஏஞ்சல் தொடருக்குக் கலை இயக்குநராக இருந்தார். அந்த நிறுவனத்திடம் பணம் குறைவு. அவர்கள் கையாண்ட சிங்க்ரோ-வாக்ஸ் என்ற முறையில், வரைந்த முகத்தின்மேல் நிஜ மனிதரின் உதடுகளை மட்டும் படம்பிடித்து ஒட்டிவிடுவார்கள். உதடு பேசும், மற்றது எல்லாம் அநேகமாக அசையாது. இன்று பார்க்கும்போது அந்த உதடுகள் கண்ணை உறுத்துகின்றன, உண்மைதான். உதடுகளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் படங்களைப் பாருங்கள். விண்கலம் திரைச் சட்டத்தின் எந்த மூலையில் நிற்கிறது, எந்தப் பக்கம் காலியாக விடப்பட்டிருக்கிறது, அடுத்த ஷாட்டில் கண் எங்கே போய் இறங்குகிறது என்று கவனியுங்கள். அசைவே இல்லாத இடத்தில் அமைப்புதான் வேகத்தைக் கொடுக்கிறது.

காமிக்ஸ்காரருக்கு இது சாதகமான தொடக்கம். கேரக்டர் அனிமேஷன் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். ஆனால் அசையாத படங்களை வரிசையாக வைத்துக் காலம் கொடுப்பதை இந்த வாரமே தொடங்கலாம். மேலே சொன்ன நான்கு பக்கத்திலிருந்து பத்துக் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் 16:9 திரைச் சட்டத்துக்கு மாற்றி வரையுங்கள். கிரிட்டா, பிளெண்டர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், போதும். பத்துப் படத்தையும் 30 விநாடிக்குள் அடுக்குங்கள். தட்டு வைக்கும் சத்தம், மின்விசிறிச் சத்தம் என்று இரண்டு மூன்று ஒலிகளைப் போனிலேயே பதிந்து சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர் அனிமேடிக். எந்தப் படம் இரண்டு விநாடி நிற்க வேண்டும், எது எட்டு விநாடி தாங்கும் என்பது ஓடவிட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும். காமிக்ஸில் முக்கியமான கட்டத்தைப் பெரிதாக வரைவோம். திரையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு. அங்கே முக்கியத்துவத்தைக் கொடுப்பது நேரம்தான்.

மாடல் ஷீட்: வேலையின் இதயம்

1964ல் ஹன்னா-பார்பெரா தயாரித்த ஜானி குவெஸ்ட் தொடர் ஒளிபரப்பானது. அதை வடிவமைத்த டக் வைல்டியும் காமிக்ஸிலிருந்து வந்தவர்தான். அடர்ந்த நிழலும் யதார்த்தமான மனிதர்களுமாக இருந்த அந்தத் தொடருக்கு ஆன செலவும் அதிகம், 26 எபிசோடுகளோடு நின்றது. இரண்டு வருடம் கழித்து, சிபிஎஸ் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த ஃபிரெட் சில்வர்மேன் சனிக்கிழமைக் காலை நேரத்துக்கு சூப்பர்ஹீரோக்களைக் கேட்டார். டோத் வடிவமைத்த ஸ்பேஸ் கோஸ்ட் 1966 செப்டம்பர் 10ஆம் தேதி வந்தது.

ஸ்பேஸ் கோஸ்டின் உடையை எண்ணிப் பாருங்கள். வெள்ளை உடம்பு. கறுப்பு முகமூடித் தொப்பி. மஞ்சள் மேலங்கி. இரண்டு மணிக்கட்டிலும் பட்டை. ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. தொப்பி தலையை மூடுகிறது, ஆகவே தலைமுடி வரைய வேண்டாம். தலைமுடி, ஆளைத் திருப்பும்போது கெட்டுப்போகும் முதல் விஷயம். வெள்ளை உடம்பு கறுப்பு விண்வெளிக்கு முன்னால் எவ்வளவு சின்னதாக வந்தாலும் தெரியும். சக்தியில் பெரும்பகுதி மணிக்கட்டுப் பட்டையில் இருக்கிறது. பட்டையின் பொத்தானை அழுத்தினால் கதிர் பாயும். உடம்பை நிறுத்திவைத்துவிட்டு, விரலையும் கதிரையும் மட்டும் வரைந்தால் ஒரு சண்டையே நடந்துவிடும். கதையின் விதியும் தயாரிப்பின் கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இந்த அழகை நான் எத்தனை தடவை பார்த்தாலும் வியக்கிறேன்.

அந்த ஸ்டூடியோவுக்கு இது ரத்தத்தில் ஊறியது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிய 1957ல் டிவிக்காகத் தனியே தொடங்கியவர்கள். யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் ஏன் இருக்கிறது தெரியுமா? தலையையும் உடம்பையும் அது பிரித்துவிடுகிறது. உடம்பை ஒரு செல்லில் (ஒளி ஊடுருவும் தாளில்) நிறுத்திவிட்டு, தலையை மட்டும் அசைக்கலாம், ஒட்டுத் தெரியாது. உங்கள் ஹீரோவுக்கும் இப்படி வெட்டும் இடங்கள் வேண்டும். கழுத்து விளிம்பு, மணிக்கட்டு, இடுப்பு, முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் தொடங்கும் கோடு ஆகிய நான்கும் நல்ல இடங்கள். இன்று கணினியில் கட்-அவுட் முறையில், உடம்பைத் துண்டுகளாகப் பிரித்து அசைக்கத் தயார் செய்பவர்களும் அதே இடங்களில்தான் வெட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் மாடல் ஷீட்டைத் தொடங்கலாம். முதலில் அந்த 12 தாளை எடுத்து, உங்கள் கை எந்தெந்த இடத்தில் சலித்தது என்று சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திடமும் கேளுங்கள்: இது போனால் ஆள் மாறிவிடுவானா? மாறாது என்றால் எடுத்துவிடுங்கள். மாறிவிடுவான் என்றால் அதையே பெரிதாக்குங்கள். என் 14 பைகள் கடைசியில் ஒரே ஒரு பையானது. வலது இடுப்பில், உள்ளங்கை அளவில். ஆளை அடையாளம் காட்ட அது ஒன்றே போதுமாக இருந்தது.

அப்புறம் டர்ன்அரவுண்ட். முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின் முக்கால், பின்பக்கம் ஆகிய ஐந்தையும் ஒரே தரைக்கோட்டில் வரையுங்கள். உச்சந்தலை, கண், தோள், இடுப்பு, முழங்கால் வழியே கிடைக்கோடுகள் இழுத்து, ஐந்திலும் அவை ஒரே மட்டத்தில் வருகின்றனவா என்று சரிபாருங்கள். உயரத்தைத் தலைக் கணக்கில் எழுதுங்கள், ஏழரைத் தலை, எட்டுத் தலை என்று. அடுத்த தாளில் தலை மட்டும்: மேலிருந்து, கீழிருந்து, கத்தும்போது, களைத்திருக்கும்போது. அடுத்ததில் கைகள். மேலங்கி இருந்தால் அதற்குத் தனித் தாள் வேண்டும். நிற்கும்போது எங்கே விழுகிறது, பறக்கும்போது தோளில் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது, உட்புறம் என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியாக உயர ஒப்பீடு: எல்லாப் பாத்திரங்களும் ஒரே வரிசையில்.

உட்புற நிறத்தைச் சும்மா சொல்லவில்லை. நான் இன்பிட்வீன் (முக்கியப் படங்களுக்கு இடையே வரும் படங்கள்) செய்துகொண்டிருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு தொடரின் மாடல் ஷீட்டுகள் வந்தன. மேலங்கியின் உட்புற நிறத்தைக் குறிக்க மறந்திருந்தார்கள். பதில் வருவதற்குள் மூன்று நாள் வேலை இரண்டு நிறத்தில் போய்விட்டது, முழுவதையும் திரும்பச் செய்தோம். டோத்தின் ஷீட்டுகளில் படங்களைச் சுற்றி அவர் கையெழுத்தில் குறிப்புகள் நெருக்கமாக இருக்கும். தாளை வாங்கப் போகிறவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்து யோசித்து எழுதியது தெரியும். அதைப் படிக்கும்போது, முகம் தெரியாத ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுபோல எனக்கு இருக்கும்.

1973ல் ஹன்னா-பார்பெரா சூப்பர் ஃபிரெண்ட்ஸ் தொடரைத் தயாரித்தபோது டோத்தை ஐந்து மாதம் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், அக்வாமேன் எல்லாரும் அதுவரை பல கைகளில் பலவிதமாக இருந்தவர்கள். அவர்களை ஒரே குடும்பமாக்கி, வேறொரு கண்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பிழையில்லாமல் வரையும்படி செய்ய வேண்டியிருந்தது. உங்கள் குறிப்புகளையும் அப்படி ஒருவருக்காக எழுதுங்கள். "கம்பீரமாக" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "தோள் அகலம் மூன்று தலை" என்று எழுதுங்கள். "எந்தக் கோணத்திலும் காது தெரியக் கூடாது" என்று எழுதுங்கள். தவறாக வரைய வாய்ப்புள்ளதை நீங்களே தவறாக வரைந்து, அதன்மேல் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். ஒரு பத்திக் குறிப்பைவிட அது வேகமாகப் புரியும்.

கறுப்பு மையால் நிரப்பிப் பாருங்கள்

1967ல் வந்த ஹெர்குலாய்ட்ஸ் தொடரை வடிவமைத்தவரும் டோத்தான். அதில் ஐந்து விலங்குகள். இகூ ஒரு பாறைக் குரங்கு. ஸாக் பறக்கும் டிராகன். டண்ட்ரோ பத்துக் கால் காண்டாமிருகம். க்ளூப், க்ளீப் இரண்டும் உருவமே இல்லாத களிமண்போன்ற உயிர்கள், இரண்டு பெரிய கண்கள் மட்டும். ஐந்தையும் வெறும் கறுப்பு நிழலாக்கி ஒரு குழந்தையிடம் காட்டினாலும் எது எது என்று சொல்லிவிடும். ஒன்று செங்குத்து, ஒன்று கிடைமட்டம், ஒன்று சிறகு, இரண்டு உருண்டை. உங்கள் பாத்திரங்களையும் அப்படிக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். காமிக்ஸில் நிறமும் உள்கோடும் நம்மைக் காப்பாற்றிவிடும். ஓடும் படத்தில், ஒரு மூலையில் அரை விநாடி வந்துபோகும் ஆளை விளிம்பு மட்டுமே காப்பாற்றும்.

ஸ்டோரிபோர்டில் காமிக்ஸ்காரர் செய்யும் பிழைகள்

ஸ்டோரிபோர்டு அல்லது போர்டு என்பது ஒவ்வொரு ஷாட்டையும் படம் படமாக வரைந்து காட்டும் திட்டம். அதில் வரும் பிழைகளை நான் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். என் முதல் போர்டை இயக்குநர் திருப்பித் தந்தபோது ஏறக்குறைய எல்லாப் படத்திலும் தலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தது. பேச்சுக் குமிழுக்கு இடம் விட்டு விட்டுப் பழகிய கை. திரையில் குமிழ் இல்லை, அந்தக் காலி இடம் பள்ளம்போலத் தெரியும். பழைய பக்கங்களைப் பார்த்து உங்களுக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உச்சக் கணத்தை மட்டும் வரைவது. காமிக்ஸில் முஷ்டி தாடையில் இறங்கிய கணம் ஒன்று போதும். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில் மீதியை வாசகர் முடித்துக்கொள்வார். போர்டில் அந்த இடைவெளி கிடையாது. கை பின்னால் போவது, பாய்வது, அடி வாங்கியவர் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்பது, மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அனிமேட்டர் தன் ஊகத்தில் செய்வார், அடுத்த ஷாட்டோடு ஒட்டாது.

திசை. ஹீரோ இடமிருந்து வலமாக ஓடினால் அடுத்த ஷாட்டிலும் அதே திசையில் ஓட வேண்டும். இருவருக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமரா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காமிக்ஸில் பேசும் வரிசைக்காக ஆட்களை இடம் மாற்றி வரைவோம். திரையில் அப்படிச் செய்தால் இருவரும் இடம் மாறி உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். அப்புறம், "அதே நேரத்தில் துறைமுகத்தில்..." என்று கட்டத்தின் மேல் எழுதி இடத்தை மாற்றும் வசதி இங்கே இல்லை. துறைமுகத்தைக் காட்ட ஒரு ஷாட் செலவழித்துத்தான் ஆக வேண்டும்.

எல்லாரும் டோத் ஆக வேண்டியதில்லை

கோடுகளைக் குறைப்பது உங்கள் இயல்புக்கே ஒத்துவராமல் இருக்கலாம். அப்படி இருந்தால் ஜாக் கிர்பியைப் பாருங்கள். 1930களில், பையனாக இருக்கும்போதே ஃப்ளைஷர் ஸ்டூடியோவில் பாப்பாய் படங்களுக்கு இன்பிட்வீன் வரைந்தவர் அவர். தன் அப்பா வேலை பார்த்த துணித் தொழிற்சாலைபோல இருக்கிறதே என்று வெளியே வந்துவிட்டார். அவர் வரைந்த கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கிர்பியின் படத்தில் பளபளக்கும் இயந்திரங்களும் குமிழ் குமிழாகத் தெறிக்கும் சக்தியும் இல்லாமல் பக்கமே இல்லை. 1967ல் ஹன்னா-பார்பெரா ஃபென்டாஸ்டிக் ஃபோரைத் தொடராக்கியபோது கிர்பியின் பாத்திரங்களை டிவிக்கு ஏற்ப மாற்றியமைத்தவர் டோத். கல் மனிதனான திங்கின் படத்தைக் காமிக்ஸிலும் அந்தத் தொடரிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடுகளை எண்ணுங்கள். நான் வகுப்பெடுக்கும்போது தரும் முதல் வீட்டுப்பாடம் அது.

1978ல் கிர்பி ஃபென்டாஸ்டிக் ஃபோரின் இன்னொரு டிவி தொடருக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தார். அப்புறம் ரூபி-ஸ்பியர்ஸ் என்ற அனிமேஷன் நிறுவனத்துக்குப் போனார். 1980ல் வந்த தண்டார் தொடரில் இருவர் கையும் இருக்கிறது. தண்டார், ஊக்லா, இளவரசி ஏரியல் மூவரையும் டோத் வடிவமைத்தார். வில்லன்களும் கதை நடக்கும் அழிந்துபோன உலகத்தின் விசித்திரங்களும் கிர்பியுடையவை. தினமும் ஆயிரம் தடவை வரையப்பட வேண்டியவர்களை ஒருவர் செய்தார். ஒரு எபிசோடில் வந்து மலைக்கவைத்துவிட்டுப் போகிறவர்களை மற்றவர் செய்தார். கிர்பி அந்த நிறுவனத்துக்காகப் பெரிய பெரிய கருத்தோவியங்களை வரைந்து குவித்தார். அவற்றில் பெரும்பாலானவை தொடராகவே வரவில்லை. ஆனாலும் அவருடைய வேலை அதுதான்: புதிய உலகம் ஒன்றைப் பார்த்து, பணம் போடுகிறவர் மனதில் அதை நட்டுவிடுவது. உங்கள் கையும் நிறைக்கிற கைதான் என்றால் கான்செப்ட் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். கேரக்டர் டிசைனுக்குப் போட்டியிட்டு வருத்தப்பட வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்த கிர்பிக்கு அனிமேஷன்தான் நிலையான சம்பளத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் கொடுத்தது. வயதான காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அதே நேரம், சம்பளத்துக்கு வரையும் பாத்திரம் நிறுவனத்துடையது. ஸ்பேஸ் கோஸ்ட் டோத்துக்குச் சொந்தமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் முன்பே உருவாக்கிய பாத்திரங்களின் பட்டியலைத் தனித்தாளில் எழுதி, அவை உங்களுடையவை என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். டோத் பிரேவோ ஃபார் அட்வென்ச்சர் என்ற விமானி கதையைத் தன் சொந்தப் படைப்பாக எழுதி வரைந்தார். மாதம் இரண்டு பக்கமாவது உங்களுக்காக வரையுங்கள்.

விண்ணப்பக் கோப்பு

பிடிஎஃப் ஒன்று, 15 பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் மிகவும் நேசிக்கும் முழுப்பக்கச் சண்டைக் காட்சியை முதல் பக்கத்தில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், அதைக் கடைசிக்கு முந்தைய பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதலில் டர்ன்அரவுண்ட், அடுத்துத் தலைகளும் கைகளும், பிறகு உயர ஒப்பீடு, கறுப்பு நிழல் வரிசை. அப்புறம் குறைந்தது 30 படம் உள்ள ஒரு போர்டு. அந்தச் சோறு பிசையும் காட்சியையே போர்டாக்கலாம். அனிமேடிக்கின் இணைப்பை அதே பக்கத்தில் கொடுங்கள். பிரபலமான சூப்பர்ஹீரோவைப் பார்த்து வரைந்த படங்கள் எத்தனை நன்றாக இருந்தாலும் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் முதலில் வரைந்த அந்த 12 தாளையும், குறைத்த பிறகு அதே கை தூக்கலை மறுபடி வரைந்த 12 தாளையும் சிறிதாக்கி மேலும் கீழுமாக வையுங்கள். இரண்டுக்கும் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எதையெதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். நான் ஆள் எடுக்க உட்கார்ந்த இடங்களில் முதல் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.